அதே பாட்டில்

பைக்கின் முன்சக்கரம் நகரவே மாட்டேன் என்றது.

இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிப் பார்த்தான். காலால் உதைத்தும் பார்த்தான். பிரேக் பேடு டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது.

காலையில் நன்றாகத்தான் ஓடியதாம். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் இப்படி. தள்ளவும் முடியாமல், ஆள் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் விட்டுப் போயிருந்தார் வண்டிக்காரர். போகும்போது ஒரு பார்வை பார்த்தார்.

நேற்று மதியம் இதே பட்டறையில்தான் இந்த வண்டிக்குப் பிரேக் ஆயில் மாற்றியது.

மாற்றியவன் அவன்தான்.

மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கிறவன் பிரேக்கில் கோட்டை விட்டால் ஊரே சிரிக்கும். யாரும் வருவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று ஸ்பானரை எடுத்தான். பிரேக்கில் இருந்த சின்ன நட்டை லேசாகத் திருகினான்.

ஆயில் பீச்சியது. சக்கரம் உடனே விட்டது. விரலால் தட்டியதும் சுற்றியது.

அப்படியென்றால் துரு இல்லை. அழுத்தம் உள்ளேயே தேங்கி நின்றிருக்கிறது. மேலே கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் உப்பிப்போய், திரும்பி வரவேண்டிய ஆயிலை வழி மறித்திருக்கிறது.

புது ஆயிலுக்கு ரப்பர் ஏன் உப்ப வேண்டும்?

விரலில் பட்டதைத் தேய்த்துப் பார்த்தான். வழுவழுவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தான். சந்தேகம் தீரவில்லை.

குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டான். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்து காணாமல் போய்விடும்.

இது மிதந்தது.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தான்.

போன வாரம் ஒரு டிராக்டர்காரர் ஹைட்ராலிக் ஆயில் மீதியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த கேன் ஒழுகியது. கைக்குக் கிடைத்த காலி பாட்டிலில் ஊற்றி வைத்தான். ஒரு காலி பாட்டிலையும் தூக்கிப் போட மனசு வராத ஆள். மேலே பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

அது பிரேக் ஆயில் பாட்டில்.

அலமாரியில் இருந்ததை எடுத்து ஆட்டிப் பார்த்தான். அடியில்தான் கொஞ்சம் இருந்தது. இந்த ஒரு வண்டி அவ்வளவு குடித்திருக்காது.

வேறு எந்த வண்டிக்கு ஊற்றினோம் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

வளர்மதியின் ஸ்கூட்டர்.

அவன் மனைவி. மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்தில் நர்ஸ். காலையில் ஏறிப் போவாள், வேலை முடிந்து சாயங்காலம் இறங்கி வருவாள். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா நோண்டாதீர்கள் என்று நேற்றே சொன்னாள். மழைக்காலம் வருகிறது, மெக்கானிக் பெண்டாட்டி வண்டி இப்படியா இருப்பது என்று இவன்தான் பிடிவாதம் பிடித்தான். பழைய ஆயிலை முழுசாக இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினான். ஆசையாகத்தான் செய்தான்.

போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். மறுபடி போட்டான். அதே குரல், அதே நிதானம். அந்தக் குரலை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

சுகாதார நிலையத்தில் வாட்ச்மேன் எடுத்தார். நர்சம்மா எப்போதோ கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.

வாசலில் நின்றது அந்த ஒரு வண்டிதான். நட்டை முறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான். ஆயில் வெளியேறிவிட்டதால் முன்பிரேக்கைப் பிடித்தால் பிடிப்பே இல்லாமல் லிவர் ஹேண்டில்பார் வரை போனது. பின்பிரேக் மட்டும்தான். ஏறுவதற்கு அது போதும். இந்த மலையில் அதை நம்பி இறங்குகிறவன் உயிரை வெறுத்தவனாக இருக்க வேண்டும்.

வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினான். எதிரே வந்த ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தான். பஸ். அன்னாசி ஏற்றிய வேன். தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தான். ஓட்டி வந்தவர் யாரோ பெரியவர்.

எதிரே வந்துவிடு, வந்து என்னைத் திட்டு என்று வாய்விட்டே சொன்னான்.

இல்லையென்றால் எங்காவது நிறுத்தியிருக்க வேண்டும். ஓடும்போது முன்சக்கரம் கவ்விக்கொண்டால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும்; நிறுத்தினால் போதும். பிரேக் கவ்விக்கொள்ளும், வண்டி நகராது. இன்றைக்கு அந்தக் கோளாறுதான் அவளைக் காப்பாற்ற வேண்டும். குலசாமியிடம் அதைத்தான் கேட்டான்: அவள் வண்டி எங்கேயாவது சிக்கி நிற்கட்டும்.

பாதி மலையில் ஒரு பழக்கடை. வளர்மதி நிறுத்திக் கொய்யா வாங்குகிற கடை.

ஸ்கூட்டர் இல்லை. ரோட்டோரத்து மண்ணில் எண்ணெய் சிந்தியிருந்தது.

கடைக்காரப் பெண் அவனை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"நர்சம்மா வண்டி இங்க வந்து அசையாம நின்னுபோச்சுங்கண்ணா, பாவம், அழுவாத குறை. டூர் வந்த பசங்கதான் முன்னாடி என்னமோ நட்டைத் திருகி ஆயில வெளிய உட்டாங்க, பட்டுன்னு சரியாப் போச்சு. இப்பத்தான் கெளம்பிப் போறாங்க, வர்ற வழியில பாத்திருப்பீங்களே."

மலைக்கு இருப்பது இந்த ஒரு ரோடுதான்.

எதிரே வந்த வண்டிகளைத்தான் அவன் பார்த்துக்கொண்டு வந்தான். ஓரத்துத் தடுப்புச் சுவரைப் பார்க்கவில்லை.

வண்டியை அப்படியே போட்டுவிட்டுக் கீழ்நோக்கி ஓட ஆரம்பித்தான்.