ஞாயிற்றுக்கிழமை மீன்

"அந்த மீன்கார அம்மாவை இனிமே வரச் சொல்லாதீங்க சார்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாலமோன் போனில் சொன்னார். எதிர் வீடுதான். ஆனால் இந்தத் தொற்றுக் காலத்தில் எதிர் வீட்டுக்கும் போன்தான். ஜீவானந்தத்துக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருந்தது. ஆனாலும் சொல்லாமல் விடக்கூடிய விஷயம் இல்லை இது.

"அவங்க கேட்டுக்கு வெளியிலதானே நிக்கறாங்க. நான் பால்கனியிலேருந்து கயிறு கட்டிக் கூடையை இறக்கறேன். யாரையும் தொடறதில்லையே சார்."

"தெருத்தெருவா சுத்தறவங்க சார். பி பிளாக்ல ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்குத் தகரம் அடிச்சிருக்கு. உங்க வயசுக்கு ரிஸ்க் வேணாம்."

உங்கள் வயசுக்கு. இதைக் கேட்டுக் கேட்டே ஜீவானந்தத்துக்கு வயது இன்னும் கூடிவிட்டது. பேங்குக்குப் போகக் கூடாது, உங்கள் வயசுக்கு. மொட்டை மாடியில் நடக்கக் கூடாது, உங்கள் வயசுக்கு. புனேயில் இருக்கும் மகள் மஹாலட்சுமியும் சாயங்காலம் வீடியோவில் வந்து அதையேதான் சொல்வாள். பாவம், அவளுக்கும் ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் வேறொரு திரைக்குப் போய்விடும்.

மனைவி போன பிறகுதான் ஜீவானந்தம் மகளுடைய இந்த மேடவாக்கம் ஃபிளாட்டுக்குக் குடிவந்தார். சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் அவரைப் பற்றி எதுவும் தெரியாது. அவருக்கும் அவர்கள் முகத்தில் பாதிதான் தெரியும், மீதி மாஸ்க்.

பூவம்மாள் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தாள். கானத்தூர் குப்பத்திலிருந்து தம்பி வண்டியின் பின்னால் மீன் கூடையோடு உட்கார்ந்து வருவாள். "இன்னா சார், உசுரோட கீறியா?" என்று அவள் கீழே குரல் கொடுத்தால் இரண்டாவது மாடி ஜன்னல் அதிரும். தூங்கினாயா, இருமல் உண்டா, பொண்ணு பேசிச்சா என்று வரிசையாகக் கேட்பாள். அந்த வாரம் முழுக்க அவரை யாராவது எதையாவது கேட்டார்கள் என்றால் அது அவள்தான்.

முதல் நாள் அவர், "நெத்திலி அரை கிலோ குடும்மா. வறுக்கறதுக்கு ஏத்த மாதிரி துண்டு போட்டுடு" என்று சொல்லிக் கூடையை இறக்கியபோது, பூவம்மாள் கொஞ்ச நேரம் அண்ணாந்து அவரையே பார்த்தாள். அப்புறம் மறுபேச்சுப் பேசாமல் பொட்டலம் கட்டி வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மீன் வரலேன்னா எனக்குச் சோறே இறங்காது சார்" என்றார் ஜீவானந்தம் போனில்.

சாலமோன் நல்ல மனிதர். அவருக்கும் மனசு கேட்கவில்லை. "அவ்வளவுதானே? ரோஸி பிரமாதமா மீன் குழம்பு வைப்பா. ஞாயித்துக்கிழமை உங்க வாசல்ல ஒரு டப்பா வெச்சிடச் சொல்றேன்."

ஜீவானந்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதெல்லாம் வேண்டாம், தன் கையால் சமைத்தால்தான் தனக்குப் பிடிக்கும் என்று அவசரமாக மறுத்தார். சரி, ஆப்பில் ஆர்டர் போட்டுத் தரட்டுமா என்று சாலமோன் கேட்டதற்கு, ஐஸ் மீன் ஆகாது என்றார். மாடிப்படியில் பூனைகள் பெருத்துவிட்டன, எல்லோரும் புகார் சொல்கிறார்கள் என்று சாலமோன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அதற்கு ஜீவானந்தம் குப்பை வண்டியைக் குறை சொன்னார்.

இருவருமே களைத்துப்போனார்கள்.

"வாரத்துல ஒரு நாள் சார்" என்றார் ஜீவானந்தம். "அதையும் எடுத்துடாதீங்க."

சாலமோன் பெருமூச்சு விட்டார். இந்த ஞாயிறு வரட்டும், நானே கேட்டில் நின்று பார்க்கிறேன், கூட்டம் கூடினால் அதோடு நிறுத்திவிட வேண்டியதுதான் என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஞாயிறன்று பூவம்மாள் வர நேரமாகிவிட்டது. ஜீவானந்தம் பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்து கால் வலித்து உட்காரப்போன நேரத்தில்தான் வண்டிச் சத்தம் கேட்டது. கீழே சாலமோன் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு காவல் நின்றார்.

"இன்னா சார், இப்டி எளைச்சுப் பூட்டே? ஒயுங்கா துன்றியா இல்லியா?"

"ஒருத்தனுக்காக அடுப்பு பத்த வைக்கணுமான்னு இருக்கும்மா. மோரைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்துடறேன்."

இன்றைக்கு என்ன வேண்டும் என்று பூவம்மாள் கேட்டாள். எது நல்லதோ அதைக் கொடு என்றார் அவர். அவள் கூடைக்குள் குனிந்து எதையோ எடுத்துப் பேப்பரில் சுருட்டி, அவர் இறக்கிய கூடையில் வைத்தாள். யாரும் யாரையும் தொடவில்லை, கூட்டமும் கூடவில்லை. சாலமோன் திருப்தியாக, "சரி சார், இப்படியே வரட்டும்" என்று கையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

ஜீவானந்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடையை மேலே இழுத்தார். வாசலுக்கு வெளியே பூனைகள் கத்த ஆரம்பித்திருந்தன. வழக்கம்போலப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கதவைத் திறக்கப் போனவர், கனமே இல்லையே என்று நின்று பிரித்துப் பார்த்தார்.

உள்ளே முருங்கைக்கீரை. காம்பு நீக்கி, கழுவி, அப்படியே வாணலியில் போடுகிற மாதிரி. கூடவே ஒரு தேங்காய் மூடி.

பால்கனிக்கு ஓடி வந்தார். பூவம்மாள் கேட் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, தன்னால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெரல் நீளம் கூட இல்லாத நெத்திலிய துண்டு போடச் சொன்னியே, அன்னிக்கே தெரியும் சார், நீ மீன் துன்ற ஆளு இல்லேன்னு. கூடை மேல போனாலே பூனைங்க கத்தறது இங்க வரிக்கும் கேக்குது. அதுங்களுக்கு அடுத்த வாரம் எத்தினு வரேன், இன்னிக்கு நீ துன்னு."