கருப்புக்கு ஒரு ரோமானிய வாள்

வாளின் கைப்பிடியைப் பங்காளி ராமர் பிடித்துக்கொண்டான். நுனிப் பக்கம் ஜெயக்குமாருக்கு.

சாமியாடி கூர் மேல் ஏறி நிற்கும்போது நுனியைப் பிடிப்பவன் அவருடைய கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். திருவெள்ளறைக்குக் கிழக்கே, வயலுக்கு நடுவில் இருக்கும் அந்தக் கருப்பு கோயிலில் அது முறை. ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, புதுத் துண்டை நாலாக மடித்து உள்ளங்கைகளில் போட்டு, அதன் மேல் தாங்கிக்கொள்ள வேண்டும்.

வழக்கமாக அரிவாள்தான். இந்த வருஷம் வாள்.

"ஏன்டா, கருப்புக்கு இனிமே பாஸ்போர்ட் எடுக்கணுமா?" என்று ராமர் காலையிலேயே கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் அடைக்கலம் சிரிக்கவில்லை. வாளை வாங்கினான், ஒரு பார்வை பார்த்தான், கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால் சாத்தி வைத்தான்.

ஆன்லைனில் வாங்கியது. ரோமானியச் சிப்பாய்கள் இடுப்பில் கட்டிக்கொண்டது மாதிரி செய்த நகல். சுவரில் மாட்டி அழகு பார்க்கிற சாமான். வரும்போது விளிம்பு இரும்பு ஸ்கேல் மாதிரி இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில் ராத்திரி முழுக்க ரிசப்ஷனில் உட்காருவது ஜெயக்குமாரின் வேலை. பார்சலை அங்கேதான் வரவழைத்தான்.

அரிவாளே அடிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றுவட்டாரப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அண்ணன் கையால் விபூதி வாங்குகிறவர்கள். சாமிக்கு என்றால் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கித்தான் கொடுப்பார்கள். கோயில் அரிவாளின் மேல் ஜெயக்குமார் ஒருமுறை விரலை வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறான். கோடு கூட விழவில்லை.

நேற்று வேலை முடிந்ததும் நேரே காந்தி மார்க்கெட் போனான். சாணை பிடிக்கிற உஸாமா கறிக்கடைக் கத்திகளை ஒதுக்கிவிட்டு வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அலங்காரச் சாமானுக்கு எதற்குக் கூர் என்றான். சாமி காரியம் என்றதும் மேற்கொண்டு கேட்கவில்லை. முடித்துவிட்டுத் தன் முன்கையில் வைத்து லேசாக இழுத்துக் காட்டினான். முடி சிரைத்த மாதிரி போயிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்தபோது ஜெயக்குமார் பி.காம். இரண்டாம் வருஷம். அதுவரை அப்பாதான் சாமியாடி. அடுத்து யார் மேல் இறங்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டவன் அவன். அப்பாவோடு விரதம் இருந்தவன் அவன். காலேஜை விட்டுவிட்டு வந்து காத்திருந்தான்.

சாமி வந்தது. டிராக்டர் ஓட்டிக்கொண்டு, பீடியும் குடியுமாகத் திரிந்த அடைக்கலத்தின் மேல் வந்தது.

அன்றிலிருந்து அம்மாகூட அண்ணனை "வாங்க" என்றுதான் சொல்கிறாள்.

நேர்த்திக்கடன் என்று சொல்லி வாளை வைத்துவிட்டால் சாமியாடி மறுக்க முடியாது. ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் பாதம் கிழியும். ரத்தத்தைப் பார்த்தால், இவன் மேல் இருப்பது சாமி இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். அப்புறம் கருப்பு வேறு உடம்பைத் தேடும். ஜெயக்குமார் நினைத்தது இவ்வளவுதான்.

உச்சிப்பூசை மணி அடித்தது. உடுக்கை வேகம் பிடித்தது. அண்ணன் கண் செருக, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். ஒரு கை ராமரின் தலையில். ஒரு கை ஜெயக்குமாரின் தலையில்.

வலது கால். இடது கால்.

எழுபது கிலோவுக்கு மேல் இறங்கியது.

அரிவாளுக்கு முதுகு உண்டு. கூர் சாமியின் காலுக்கு, முதுகு பிடிக்கிறவன் கைக்கு. வாளுக்கு முதுகு கிடையாது. உஸாமா இரண்டு பக்கமும் சாணை பிடித்துக் கொடுத்திருந்தான். அப்போது அது ஜெயக்குமாருக்குத் திருப்தியாக இருந்தது.

துண்டின் நாலு மடிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பிறகு உள்ளங்கை. ராமர் மரக் கைப்பிடியைப் பிடித்தபடி பக்தியாகக் கண்ணை மூடியிருந்தான்.

ரத்தம் மண்ணில் சொட்டியது. கூட்டம் பார்த்தது. பெரியம்மா காளியாயி முதலில் குலவையிட்டாள். கருப்பு காவு எடுத்துக்கிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் எல்லோரும் குலவையிட்டார்கள். தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

ஜெயக்குமார் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் அசையவில்லை. முகத்தில் சுளிப்பு இல்லை. சவரம் செய்கிற கூரில் நிற்கிறான், வலி தெரியவில்லை. அப்படியானால் நிஜமாகவே இறங்கியிருக்கிறது. அவ்வளவு முழுதாக, அவ்வளவு தாராளமாக, இந்தக் குடிகாரன் மேல்.

கை எரிந்ததைவிட அது அதிகமாக எரிந்தது.

கையை எடுத்தால் போதும். ஊருக்கு முன்னால் சாமி மண்ணில் உருளும். அவன் விரல்களைத் தளர்த்தினான்.

முதல் விபூதி நுனி பிடிக்கிறவனுக்கு. அண்ணன் குனிந்தான். கட்டைவிரல் நெற்றியில் அழுந்தியது. காதோரம் வந்தது கருப்பின் குரல் இல்லை, டிராக்டர் ஓட்டுகிறவனின் குரல்.

"எனக்கும் வெட்டுதுடா தம்பி. ரெண்டு நிமிஷம், விட்டுறாத."

அண்ணன் நிமிர்ந்தான். சாமியின் குரலில், இந்த வருஷம் மழை உண்டு என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கினான்.

ஜெயக்குமார் விரல்களை மறுபடி மூடினான்.