அவர் தொடாத குழம்பு

முதல் வரிசையில் அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

அழக்கூடாது என்று போதகர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். இது நன்றி செலுத்தும் ஆராதனை. கேப்டன் ஞானதுரை நிறைவாக வாழ்ந்தவர். சிரித்த முகத்தோடு வழியனுப்புவோம்.

அவளுக்கும் சிரித்த முகம்தான். ஆயுசு முழுக்க வானத்தில் பறந்த மனிதர், கடைசியில் தன் கட்டிலில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். எந்த மனைவிக்கும் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பக்கத்தில் எமிலி மைனி. கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவர். முழங்கால் போய்விட்டது, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

பின்வரிசையில் மகன் ரூபன். அவனுக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிடலாம் என்கிறான். அம்மா தன்னோடு பெங்களூருக்கு வரட்டும். அத்தைக்கு ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறான், தோட்டமெல்லாம் இருக்கிறதாம். சாயங்கால ரயிலுக்கு அவளுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிட்டான்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவனுக்கு. "நீங்க ரெண்டு பேரும் தனியா எப்படிம்மா சமாளிப்பீங்க?"



வீட்டில் எல்லாம் கணவர்தான். அவள் சமைத்துப் போட்டாள், அவ்வளவுதான். அந்தச் சமையலையும் அவர் மதித்த மாதிரி தெரியவில்லை.

யாரிடமும் சொல்லாத மனத்தாங்கல் அது.

கல்யாணமான புதிதிலேயே தொடங்கிவிட்டது. அடுப்படிக்கு வந்து நிற்பார். "நீ எதைச் சாப்பிடப் போற?" என்பார். மீன் குழம்பு என்றால் அவருக்கு ரசம். ரசம் என்றால் மீன். ஒரே குழம்புதான் வைத்திருக்கிறாள் என்றால் தயிரும் ஊறுகாயும் போதும் என்பார். ஹோட்டலிலும் அதே கதை. அவளுக்குத் தோசை என்றால் அவருக்கு இட்லி.

ஒரு நாள் வேண்டுமென்றே புளிக்குழம்பு என்று சொல்லிவிட்டு மீனைப் போட்டுக்கொண்டாள். மனிதர் தட்டோடு எழுந்துபோய் மீனைத் திருப்பிக் கொட்டிவிட்டுப் புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டு வந்தார்.

அவள் தொட்டதை அவர் தொடமாட்டார். அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேசினார்கள். மழையில் விமானத்தை இறக்கியது, புயலில் திருப்பியது, ஒருவருக்கும் கீறல் படாமல் கொண்டு சேர்த்தது. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியாகச் சென்னியப்பன் எழுந்தார். கேப்டனுக்குத் துணை விமானியாக இருந்தவர். கோயம்புத்தூரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்க வேலையில ஒரு விதி இருக்குதுங்க. ரெண்டு பைலட்டும் ஒரே சாப்பாடு சாப்பிடக் கூடாது. ஒருத்தருக்கு வயிறு கெட்டுப்போச்சுன்னா இன்னொருத்தர் பிளேனை எறக்கோணுமில்லீங்களா? அண்ணன் கோழி எடுத்தா எனக்குத் தயிர்ச்சோறு. அந்தக் கோழியப் பார்த்து எத்தனை நாளு எச்சி முழுங்கியிருப்பேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வீட்லயும் இதேதான்னு ஒரு நாள் சொன்னாரு. வீட்டுக்கு எதுக்குங்கண்ணா இந்த விதின்னு கேட்டேன். அங்கயும் ரெண்டு பேருதான்டா ஓட்டறோம், பின்னால ஆளுக உக்காந்திருக்குது, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ எறக்கிருவா, என்னையவிட நல்லாவே எறக்குவான்னாரு."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்.

மேகம் வருகிறது, கொஞ்சம் குலுங்கும், பயப்படாதீர்கள் என்று முன்பின் தெரியாத பயணிகளுக்கெல்லாம் அறிவிப்பு கொடுத்த மனிதர். இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா?

பிறகுதான் சந்தோஷம் வந்தது. போதகரின் பேச்சை மீறிக் கண்ணும் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். மைனி பக்கத்தில். ரூபன் எதிரில்.

மைனியின் இலையில் மட்டன் பிரியாணி விழுந்தது. நல்லி எலும்பு ஒன்று போடும்படி மைனி பரிமாறுகிறவரை மிரட்டி வாங்கினார்.

அடுத்து அவள் இலை. அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம். சைவப் பந்தியில சாம்பார் சாதம் இருந்தா கொண்டாங்க."

"ஏட்டி, கறிய வேண்டாங்க? வெரதமா?" என்றார் மைனி.

"நீங்க சாப்பிடுங்க மைனி."

ரூபனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. சென்னியப்பன் பேசியதை அவனும் கேட்டவன்தான். அம்மாவின் இலையைப் பார்த்தான். அத்தையின் இலையைப் பார்த்தான். தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

பிரியாணி வாசம் ஆளைத் தூக்கியது. அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உப்பு கொஞ்சம் குறைவு.

"நீ பெங்களூர் போய் இறங்குனதும் மறக்காம ஒரு போன் போடுப்பா" என்றாள் மகனிடம்.