யார் வீட்டுப் புழு?

"டேய் மாப்ள! வெளிய வாடா!"

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தான் கூப்பாடு போட்டார். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மைத்துனன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியோரம் ஓடிவந்தான். அத்தான் அவனோடு பேசியே ஆறு மாதம் ஆகிறது.

கடைசியாகப் பேசிய அன்றைக்கு இவன் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. "வேரழுகலுக்கு மருந்தா ஊத்தி மண்ணே செத்துப்போச்சு அத்தான். வேரை அழுக வைக்கிற பூசணத்தைத் தின்னுறதுக்குன்னே மண்ணுக்குள்ள மண்புழுவும் பொடிப்பூச்சியும் இருக்கு. என்கிட்ட நிறைய இருக்கு, கொண்டாந்து விடறேன்" என்றான். அவ்வளவுதான்.

"எனக்கே பாடம் நடத்துறியா? உன் தோட்டத்து மண்ணு ஒரு பிடிகூட இந்தப் பக்கம் வரக்கூடாது!"

அப்புறம் அத்தான் இரண்டு தடவை நாற்று நட்டார். இரண்டு தடவையும் அழுகிச் செத்தது. "இந்தத் தடவையும் போச்சுன்னா நிலத்தையே விட்டுடப் போறாராம்டா" என்று அக்கா வேலியோரம் வந்து அழுதாள். ஒரு மாதமாக, மத்தியானம் அத்தான் குறட்டை விடும் நேரத்தில், தினமும் ஒரு வாளி புழுமண் வேலி தாண்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது அத்தானின் உள்ளங்கையில் ஒரு மண்புழு நெளிந்தது.

"இது யாரோடது?"

"மண்புழு அத்தான்."

"அது தெரியுது. யார் வீட்டுப் புழுன்னு கேட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா பேயறைந்த மாதிரி நின்றாள்.

"மழையில ஊர்ந்து வந்திருக்கும்..."

"மழையா? ரெண்டு மாசமா ஒரு சொட்டு விழல! கிழக்குப் பாத்தி பூரா குடும்பத்தோட குடியேறியிருக்கு. கேட்க ஆளில்லைன்னு நினைச்சியா?"

"தப்புதான் அத்தான். இப்பவே பொறுக்கி எடுத்துட்டுப் போயிடறேன்."

வாளியோடு வேலி ஏறிக் குதித்தான். கிழக்குப் பாத்தியில் செடிகள் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றன. ஒன்றுகூட வாடவில்லை. குனிந்து முதல் கட்டியைப் பெயர்த்தான்.

"கையை எடுடா!" அத்தான் அலறினார். "வேர் அறுந்துடப் போகுது!"

"நீங்கதானே புழுவை..."

"வந்தது வந்துடுச்சு. குடிவந்தவங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுற பழக்கம் எங்க வீட்ல இல்ல."

கையிலிருந்த புழுவைப் பூப்போல மண்ணில் இறக்கிவிட்டார். தொண்டையைக் கனைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"மேற்குப் பாத்தி இன்னும் அழுகிட்டுத்தான் இருக்கு. நாளையிலேர்ந்து உன் புழுவை அந்தப் பக்கமா வேலி தாண்டச் சொல்லு. நான் எப்பவும்போல மத்தியானம் தூங்குவேன்."

நாலு எட்டு நடந்தவர், திரும்பினார்.

"அப்புறம், சின்ன வாளியில அனுப்பு. உங்க அக்காவுக்கு இடுப்பு வலி."