நாலு மணி ஜீப்பு

“எஸ்டேட் பிள்ளைக எட்டுப் பேரையும் நாடகத்துலருந்து எடுத்துட்டீங்களாமே சார்?” என்று கேட்டாள் முருகேஸ்வரி.

புதிதாக வந்திருந்த ஹெட்மாஸ்டர் செபாஸ்டின் நிமிர்ந்தார். “பள்ளிக்கூடங்களுக்கான கலைப்போட்டி, கலோத்சவத்துக்கு மூணு வாரந்தாம்மா இருக்கு. ஒத்திகை அஞ்சரை வரைக்கும் நடக்கும். உங்க எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் போற ஜீப்பு நாலு மணிக்கே கிளம்பிடுது. அதான் டவுன் பிள்ளைகளை வச்சு நடத்திக்கிறோம்.”

“வாயே திறக்காத எம்மக, நாடகத்துல சேர்ந்தப்புறந்தான் சார் வகுப்புல எந்திரிச்சுப் பதில் சொல்லுது. அதையும் பிடுங்கிட்டா எங்க பிள்ளைக லயத்து ஆளுக மாதிரி தேயிலைக் கொழுந்தெடுக்கத்தான் போகணும்.”

“அதுக்கு ஜீப்பு நிக்கணுமே! ஃபேக்டரி ஆளுகளை ஏத்துற சாயங்கால ஓட்டத்தை டிரைவர் விடுவாரா?”

“ஜீப்பு நிக்கும் சார்.”

“இன்னிக்குச் சரிம்பாரு, நாளைக்குக் கிளம்பிடுவாரு. உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. ஆம்பளை சொன்னாத்தான் டிரைவர் கேப்பாரு.”

“அவரு தவறி ரெண்டு வருஷமாச்சு சார்.”

செபாஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சுக்கங்கம்மா. ஆனா டிரைவர் பேச்சுக்கு யாரு பொறுப்பு?”

முருகேஸ்வரி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஜீப்பு அவரோடது. இப்ப ஓட்டுறது நான்தான். தினம் நாலு மணிக்குச் சாவியை உங்ககிட்டக் குடுத்துடுறேன். ஒத்திகை முடிஞ்சப்புறம் குடுங்க சார்.”