புற்றுக்கு ஒரு விளக்கு

எறும்புப் புற்றுக்குள் ஒரே கும்மிருட்டு. முட்டை சுமக்கிற எறும்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழுந்ததில் தினமும் நாலைந்து முட்டைகள் உடைந்தன. அதனால் விளக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மின்மினி கிளம்பியது. நேர்காணலைப் புற்றின் வாசலில், உச்சிவெயிலில் வைத்திருந்தார்கள். விளக்குக்கு எதற்கு இந்த நேரம் என்று யோசித்துக்கொண்டே அது போய் நின்றது.

அங்கே ஏற்கெனவே ஒரு பொன்வண்டு பச்சையும் பொன்னுமாய்த் தகதகத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி எறும்பு அதன் மேலிருந்து கண்ணை எடுக்க மனசில்லாமல் மின்மினியின் பக்கம் திரும்பியது.

“என்னப்பா, இப்படி மங்கிப்போய் வந்திருக்கே?”

“ஒரு நிமிஷம் உள்ளே இருட்டுக்கு வந்து பாருங்க ஐயா.”

“நல்லா இருக்கே நீ சொல்றது,” என்றது மேஸ்திரி. “அந்த இருட்டிலே உன் முகலட்சணம் எனக்கு எப்படித் தெரியும்?”