பன்னிரண்டு குளத்து வைரஸ்

பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இராது, அது பரிணாமத்தின் பெருங்கூத்து என்று தொடங்குகிறது பேராசிரியரின் நாளைய உரை. ஆய்வு மாணவியின் திரையிலோ, பன்னிரண்டு குளங்களில் சேறு மிதித்து அவள் பிடித்துவந்த பன்னிரண்டு வைரஸ்களின் மரபணு வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது. குளிர்பெட்டி உறுமுகிறது. மூன்று வருடம் அள்ளிய குளத்து நீரெல்லாம் விழலுக்கு இறைத்ததாகிவிட்டது. “எல்லாக் குளத்துலயும் ஒரே வைரஸ்! எவ்ளோ பெரிய கண்டுபிடிப்பும்மா இது!” என்கிறார் பேராசிரியர். “சரிபார்க்க வெச்ச பதிமூணாவது தட்டுல குளத்துத் தண்ணியே இல்ல சார், வெறும் கொதிச்சு ஆறின தண்ணி. அதுலயும் இதேதான். தண்ணி உறிஞ்சி எடுக்குற நம்ம பிப்பெட்லயே குடியிருக்கு.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். பிப்பெட்டில் குடியிருப்பது, போன வருடம் அவர் தன் பெயரையே சூட்டிய வைரஸ்.